தாயாருக்கும் ஒரு டிக்கெட்

நம் நாட்டில் குடும்பத்துடன் வெளியூர் போவதற்குக் காரணங்களுக்குக் குறைவே இல்லை. குலதெய்வத்துக்கு முடிகாணிக்கை செலுத்த வேண்டும். ஒன்றுவிட்ட அத்தை மகளுக்குக் கல்யாணம். பரீட்சை முடிந்த பிள்ளைகள் ஏற்காடு பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். காரணம் எதுவாயினும், புறப்படும் நாளன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, புளியோதரை கிளறி, இட்டிலிக்கு மிளகாய்ப்பொடி தடவி, தண்ணீர்ப் பாத்திரம் முதல் தலைவலித் தைலம் வரை ஞாபகமாக எடுத்து வைப்பவர் ஒருவரே. திரும்பி வந்த இரவு, மற்றவர்கள் "அப்பாடா!" என்று படுத்துக் கொள்ளும்போது அழுக்குத் துணி மூட்டையை அவிழ்ப்பவரும் அவரே. விடுமுறை குடும்பம் முழுவதற்கும் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தில் தாயார் சேர்த்தியா இல்லையா என்பதை இந்த வாரம் சற்று யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

இந்த யோசனைக்குக் காரணம் ஒரு கப்பல். 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி, சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் யாத்திரையை முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டிலியா கம்பெனியார் நடத்திய இந்தக் கப்பல் 1990-ல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 210 மீட்டர், 11 தளங்கள், ஏறக்குறைய 800 அறைகள். இரண்டு இரவு கடலில் உலாவிவிட்டுச் சென்னைக்கே திரும்பும் யாத்திரை ஒன்று. விசாகப்பட்டினம் வரை போய் வரும் ஐந்து இரவு யாத்திரை மற்றொன்று. அடுத்த வருஷம், 2023 ஜூனில், அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்று வந்தது.

சென்னைவாசிகளுக்கு இது அவ்வளவு பெரிய விஷயமாகத் தோன்றாமலிருக்கலாம். மாலையில் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றவர்கள் அவர்கள். ஆனால் கிருஷ்ணகிரி ஜில்லாவில், ஜோலார்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் ரெயில் பாதையில் உள்ள சாமல்பட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், மாந்தோப்புகள், சென்னைக் கடல் சுமார் 250 கிலோமீட்டருக்கு அப்பால். அந்தப் பக்கத்து ஜனங்கள் அறிந்த ஜலவாகனம் ஒகேனக்கல் பரிசல் ஒன்றுதான். அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தகப்பனாருக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் உத்தியோகம். தாயார், பாட்டி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு குழந்தைகள். இவர்கள் கப்பல் ஏறலாமா? ஏறினால் எப்படி ஏற வேண்டும்?

கடல் நம்மவர்களுக்குப் புதிது அன்று. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக் கொண்டு, அதில் போனவர்கள் ஆயிரமாயிரம் பேர். பிழைப்பைத் தேடிப் போனார்கள், உல்லாசத்துக்காக அல்ல. அதற்கும் முன்னால், 1906-ல், வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட விட்டார். போட்டிக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போனார்கள். 1908-ல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911-ல் கம்பெனியும் கலைந்தது. நம் கடலில் நாம் டிக்கெட் வாங்கிப் போவது என்ற எளிய காரியத்துக்கு ஒருவர் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்திருக்கிறார் என்பதை, கப்பலில் கால் வைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது நலம்.

வேலையில்லாமல், சும்மா போய் வருவதற்காகவே கப்பல் ஏறும் வழக்கம் மேல்நாட்டிலும் மிகப் பழமையானதன்று. 1891-ல் ஆல்பெர்ட் பாலின் என்ற ஜெர்மன் கப்பல் முதலாளி, குளிர்காலத்தில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடக்க ஆள் வராமல் கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டார். 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலில் 241 பிரயாணிகளை ஏற்றி, மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்ட அனுப்பினார். காற்றும் பருவமும் பார்த்துக் கப்பலை இடம் மாற்றும் தந்திரம் அன்று தொடங்கியது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று பம்பாய்ப் பக்கத்துக் கடலைக் கலக்கிவிடும். அப்பொழுது சென்னைப் பக்கம் ஒப்பளவில் சாந்தமாக இருக்கும். 'எம்பிரஸ்' ஜூனில் இங்கே வந்ததன் ரகசியம் இதுவே. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் காலம். அப்பொழுது இந்தப் பக்கம் ஆசை வைக்கலாகாது.

ஆகவே முதல் திட்டம் நாளைப் பற்றியது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சாமல்பட்டிப் பக்கத்தில் மாங்காய் இறங்கும் காலமும் அதுவே. தோப்பு வைத்திருப்போர் வீட்டை விட்டு நகர முடியாது. இத்தகைய குடும்பத்துக்கு ஐந்து இரவு யாத்திரை பொருந்தாது. வாரக் கடைசியை ஒட்டி வரும் இரண்டு இரவு யாத்திரையே ஏற்றது. கப்பல்கள் எந்த வருஷம், எந்த மாதம், எங்கிருந்து புறப்படும் என்பது மாறிக் கொண்டே இருக்கும். பழைய விளம்பரத்தை நம்பாமல், கம்பெனியாரிடமே நேரில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது திட்டம் பணத்தைப் பற்றியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை, பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் ஆகியவை பின்னால் சிறிய எழுத்தில் வரும். பொதுப் போஜனசாலையில் ஆகாரம் டிக்கெட்டிலேயே சேர்ந்தது. விசேஷ உணவுச்சாலை, மது, இண்டர்நெட், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது முதலியவற்றுக்குத் தனிச் செலவு. ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, 'சேர்ந்தது', 'சேராதது' என்று எழுதி, ஊரிலிருந்து சென்னை போய் வரும் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இருந்தால் போகலாம். கடன் வாங்கி உல்லாச யாத்திரை போகிறவர், கப்பலை விட்டு இறங்கிய பிறகும் கரையேறாதவர் ஆவார்.

இந்த இடத்தில்தான் நாம் முதலில் சொன்ன விஷயம் வருகிறது. கூட்டிப் பார்த்த தொகை சற்று அதிகமாக இருந்தால் குடும்பத்தில் என்ன நடக்கும்? "எனக்கு எதற்கு? நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள். வீட்டை யார் பார்த்துக் கொள்வது?" என்று தாயார் சொல்வார். "இந்த வயதில் எனக்குக் கப்பல் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று பாட்டி சொல்வாள். இருவர் பெயரும் கணக்கிலிருந்து அடிபடும், தொகை சரியாகிவிடும். தகப்பனார் இதைத் தியாகம் என்று மெச்சிக் கொண்டு டிக்கெட் வாங்கப் புறப்படுவார்.

இப்படி வாங்கும் டிக்கெட்டைப் போல வீண் செலவு வேறில்லை என்று உறுதியாகச் சொல்வோம். ஏனெனில், மற்ற யாத்திரைகளுக்கும் கப்பல் யாத்திரைக்கும் உள்ள பெரிய வித்தியாசமே தாயார் விஷயத்தில்தான் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போனாலும் திருப்பதிக்குப் போனாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிய கவலை அவர் தலையில்தான். கப்பலிலோ, காலைக் காபி முதல் இரவுச் சாப்பாடு வரை சமைப்பவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு, படுக்கையைத் தட்டிப் போடுகிறவர் வேறு. "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று அவரை யாரும் கேட்க முடியாது. பலருடைய வாழ்க்கையில் கல்யாணமான பிறகு அப்படிப்பட்ட ஒரு நாள்கூட வந்திருக்காது. இந்த ஒரு லாபத்தை நீக்கிவிட்டால், உல்லாசக் கப்பல் மிதக்கும் ஹோட்டல் அல்லாமல் வேறென்ன? ஐந்து டிக்கெட்டுக்குப் பணம் போதாவிட்டால், போதும் வருஷம் வரை பொறுத்திருங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே நியாயத்தை அனுசரிக்கலாம். ஜன்னலே இல்லாத உள் அறை மலிவு. கடல் தெரியும் அறை அதற்கு மேல். முன்றில் வைத்த அறை இன்னும் மேல். பகல் முழுவதும் மேல்தளத்தில் ஓடித் திரியும் குழந்தைகளுக்கும் தகப்பனாருக்கும் உள் அறை போதும். படியேறி இறங்க முடியாத பாட்டிக்கும் தாயாருக்கும் கடல் தெரியும் அறை ஒன்று கிடைக்குமானால், அந்த வித்தியாசத் தொகை நன்றாகச் செலவான பணம். கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு என்பதையும் கவனித்துக் கொள்க.

தலைசுற்றலைப் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. கப்பல் அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இவ்விரண்டின் வழக்கே வாந்தியாக வெளிப்படுகிறது. தளத்துக்கு வந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக் கொண்டிருந்தால் வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். இஞ்சியும் சிலருக்கு உதவும். மாத்திரை வேண்டுவோர் டாக்டரைக் கேட்டுப் புறப்படும் முன்பே சாப்பிட வேண்டும். தலை சுற்றிய பிறகு சாப்பிட்டுப் பயன் குறைவு. பாட்டியின் நித்திய மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக் கொள்ள வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். கடலில் உலாவி வருவதற்கு அரசாங்க அடையாளச் சீட்டும், இலங்கை போன்ற வெளிநாடானால் பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் வேண்டும், குழந்தைகளுக்கும் அப்படியே. ரெயில் தாமதமானால் கப்பல் காத்திராது. ஆகையால் முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுவது உத்தமம். கரை மறைந்ததும் செல்போனில் கப்பலின் சாட்டிலைட் இணைப்பு புகுந்து கட்டணத்தை ஏற்றிவிடக் கூடும். விமானப் பிரயாணத்தில் செய்வது போல் அதை வாய் மூடி வைத்துவிடுங்கள். பலரும் எடுத்துச் சாப்பிடும் இடமாதலால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கப்பலில் ஏறியதும், ஆபத்து நேர்ந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி அணிய வேண்டும் என்று பயிற்சி கொடுப்பார்கள். "பார்த்துக் கொள்ளலாம்" என்று போஜனசாலையைத் தேடிப் போகலாகாது. 2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறியவர்களில் நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பலனாக, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் அமலுக்கு வந்தது. பாட்டியின் கையை யார் பிடித்துக் கொள்வது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு, அனுபவிப்பதற்குத் திட்டம் தேவையில்லை. கப்பலில் பாட்டு, கூத்து, நீச்சல் குளம், சிற்றுண்டி எல்லாம் உண்டு. கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்று மணிக்கணக்குப் போட்டுக் கொண்டு ஓட வேண்டாம். அது ஓசூர்த் தொழிற்சாலையின் ஷிப்டு முறை. விடியற்காலையில் ஒரு தரம் மேல்தளத்துக்கு வாருங்கள். நாலு பக்கமும் மலை சூழப் பிறந்து வளர்ந்த கண்களுக்கு, நாலு பக்கமும் ஒன்றுமே இல்லாத காட்சி கிடைக்கும். அதற்கு ஈடாக எந்த நாடக மேடையிலும் ஒன்று கிடையாது.

உல்லாசக் கப்பலுக்குப் பணம் இல்லாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ந் தேதி பிரயாணிகள் படகுப் போக்குவரத்து தொடங்கியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மறுபடி நடந்தது. ஏறக்குறைய நாலு மணி நேரக் கடல். அப்புறம் தமிழ் பேசும் யாழ்ப்பாணம். பருவத்தையும் போக்குவரத்து நடப்பதையும் விசாரித்துக் கொண்டு போகலாம். அங்கும் நியதி ஒன்றே: தாயாரும் பாட்டியும் இல்லாமல் புறப்படுவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும், ஒரு காகிதத்தை எடுத்து யாத்திரைக் கணக்கைப் போட உட்காருங்கள். முதல் வரியில் தாயாரின் பெயரை எழுதுங்கள். இரண்டாவது வரியில் பாட்டியின் பெயரை எழுதுங்கள். பிறகு மற்றவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கப்பல் கிடைக்காமற் போனாலும், அந்தக் காகிதத்தைக் கண்ட தாயாரின் முகத்தில் பாதி யாத்திரை அப்பொழுதே நடந்துவிடும் என்பது நமது நம்பிக்கை.