மேல்மாடிக் குடித்தனம்

சுனாபட்டி என்றதும் கோவில்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் ஏதோ ஓர் ஊர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் ஒரு நிலையம். மராத்தியில் சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் உலை. மதுரைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், காளவாசல். இங்கிருந்த சுதேசி மில்லை ஜாம்ஷெட்ஜி டாட்டா வாங்கியது 1886-ல். அது மூடப்பட்டது 2000-ல். 2019 நவம்பரில் பாந்திரா-குர்லா வளாகத்திலிருந்து சுனாபட்டிக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். காரில் போகிறவர்களுக்கு வசதி. வீட்டுக்காரர்களுக்கு வாடகையை ஏற்ற இன்னொரு காரணம்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் அதிகம் உள்ள பகுதிகளுக்குப் பக்கத்தில் இருப்பதால், ஊரிலிருந்து புதிதாக வரும் நம்மவர் இங்கேயும் வந்து ரூம் கேட்கிறார். கிடைப்பது பெரும்பாலும் குடிசைப் பகுதியில், இரும்பு ஏணி வைத்த மேல்மாடி. ஏஜென்டுக்கு ஒரு மாத வாடகை, அதற்கு மேல் டிபாசிட். கையில் மொத்தப் பணம் இருந்தால் 'ஹெவி டிபாசிட்' என்று ஒரு வழி இருக்கிறது: பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. நம் ஊரில் ஒத்தி என்கிறோமே, அதேதான். மொத்தப் பணம் இருப்பவர் ஏன் ஏணி ஏறப் போகிறார் என்பது வேறு விஷயம்.

குடிவந்த பிறகு பெரிய தலைவலி வாடகை அல்ல, காகிதம்தான். 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற பெயரில் பதினொரு மாத ஒப்பந்தம். மொழிபெயர்ப்பையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இதற்குத் தமிழ் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குடிக்கூலி என்று நம்மிடம் ஓர் அருமையான பழஞ்சொல் இருக்கிறது. ஆனால் அது இங்கே பொருந்தாது. இந்த ஒப்பந்தப்படி உள்ளே இருப்பவர் 'குடி'யே அல்ல, இருந்துகொள்ள அனுமதி பெற்றவர், அவ்வளவுதான். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 இதை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதினொரு மாதம் என்றாலும் விலக்கு இல்லை. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால், எதிராக நிரூபிக்கப்படும் வரை, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே செல்லும் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஏணி ரூமில் இருப்பவர் அதை எடுத்துச் சொன்னால், பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

வீட்டுக்காரரின் பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940-ன் அளவில் உறைய வைத்தது. அப்போதைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அது காலாவதியாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வாடகைக்கென்று கட்டிடம் எழுப்புவதையே நகரம் ஏறக்குறைய மறந்துவிட்டது. உள்ளே இருப்பவர் போகமாட்டார், போனாலும் 'பகடி' வாங்காமல் போகமாட்டார் என்ற நிலை. அந்த அச்சம் மாதுங்காவின் பழைய கட்டிடங்களிலிருந்து குடிசை வரை பரவியிருக்கிறது. குடிசை இடிபட்டால் இலவச வீடு என்று 1995-க்குப் பிறகு ஆனபோது, அச்சம் இரட்டிப்பாயிற்று: இந்த முகவரியில் ரேஷன் கார்டு வாங்கிவிட்டால் குடியிருப்பவர் உரிமை கொண்டாடுவாரோ? அதனால் பதினொரு மாதம் ஆனதும் ஆளை மாற்றிவிடுகிறார்கள்.

சரி, அரசே வாடகை வீடு கட்டலாமே என்றால், கட்டியிருக்கிறது. 1920-களில் வெள்ளைக்கார அரசு வொர்லி, நைகாம், பரேல், சிவ்ரியில் எழுப்பிய பி.டி.டி. சால்கள் 207, அறை 160 சதுர அடி. பிறகு 2008-ல் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒரு வாடகை வீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. அதிலும் 160 சதுர அடி! ஏழைக்கு அளவெடுத்த நாடாவை ஒரு நூற்றாண்டாக யாரும் மாற்றவில்லை. அந்தத் திட்டமும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பன்வெல் அருகே கோன் என்ற இடத்தில் கட்டிய வீடுகள் 2016-ல் ஆலைத் தொழிலாளர்களுக்குக் குலுக்கலில் விற்கப்பட்டன. அவர்களுக்கு வீடு கிடைத்ததில் தவறில்லை. வாடகைக்கு வீடு தேடுகிறவர்தான் பழையபடி ஏணியடியில் நிற்கிறார். 2011 கணக்கெடுப்பில் மும்பையில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 4.8 லட்சம்.

தாராவியில் 2024-ல் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி இலவசம். மேல்மாடிக்காரருக்கு தாராவிக்கு வெளியே, வாடகையாகத் தவணை கட்டி ஒரு நாள் சொந்தமாக்கிக் கொள்ளக்கூடிய வீடு. மேல்மாடியையும் கணக்கில் எடுத்தது புதிது, வரவேற்க வேண்டியதுதான். 2022 நவம்பர் 15-க்கு முன்பே அங்கே இருந்ததாகக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு பதினொரு மாதமும் ரூம் மாறியவர், மின்சார ரசீது வேறொருவர் பெயரில் இருக்க, பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் போய் நிற்பார்?