சக்கர நாற்காலி ஒரு பயணப்பெட்டியா?

முழங்கால் வலியின் காரணமாக 2022 மே மாதம் முதல் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி வந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 செப்டம்பரில், தமது 87ஆம் வயதில், இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி, கிழக்குத் திமோர், சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குத் திருத்தூதுப் பயணம் மேற்கொண்டார். நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் மக்களைச் சந்தித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு நாம் நெகிழ்ந்தோம். அதே நிலையில் உள்ள ஒரு சாதாரணப் பயணி விமானத்தில் என்ன பாடுபடுகிறார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

விமானத்தின் வாசலில் அவர் தம் நாற்காலியை விட்டுப் பிரிய வேண்டும். குறுகலான வேறொரு நாற்காலியில் பட்டைகளால் கட்டப்பட்டு இருக்கைக்குக் கொண்டு செல்லப்படுவார். அவருடைய நாற்காலியோ பெட்டிகளோடு பெட்டியாக விமானத்தின் அடிவயிற்றுக்குள் போகும். மின்கலத்தால் இயங்கும் நாற்காலிகள் பல 100 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. போயிங் 737 விமானத்தில் சரக்கு வாசலின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆகவே நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே தள்ளுகிறார்கள். கைப்பிடி முறிகிறது, மின்கம்பி அறுகிறது.

மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களின் பாடு இன்னும் கடினம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என அவர்கள் இரண்டு நாற்காலிகளோடு பயணம் செய்கிறார்கள். ஓட்டப் பந்தய நாற்காலி மூன்று சக்கரங்களுடன் நீளமாக இருக்கும். கூடைப்பந்து நாற்காலியின் சக்கரங்கள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவரவர் உடல் அளவுக்கென்றே செய்யப்பட்டவை இவை. சட்டம் சற்றே வளைந்தாலும் பல ஆண்டுப் பயிற்சி வீணாகிவிடும். போய் இறங்கிய ஊரில் இரவல் வாங்கவும் முடியாது.

அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல் பெரிய விமான நிறுவனங்கள் இத்தகைய சேதங்களை அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இதற்காகப் போராடியவர் ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த செனட்டர் டாமி டக்வொர்த். 2023ஆம் ஆண்டில் மட்டும் 11,527 சக்கர நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் சேதமடைந்தோ, தொலைந்தோ, தாமதமாகவோ வந்தன. ஆயிரத்துக்குப் பதினான்கு தானே என்று சிலர் சொல்லக்கூடும்.

அந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உண்டு. எங்ரேசியா ஃபிகுவரோவா என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளி உரிமைப் போராளியின் 30,000 டாலர் மதிப்புள்ள நாற்காலி 2021 ஜூலையில் விமானப் பயணத்தில் உடைந்தது. தம் உடலுக்குப் பொருந்தாத நாற்காலியில் அவர் விமான நிலையத்தில் பல மணி நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. அதில் ஏற்பட்ட அழுத்தப் புண்ணே முற்றியது என்று அவரைச் சார்ந்தோர் கூறினர். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அவர் இறந்தார்.

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரை (மாற்கு 2:1-12) நாம் நினைத்துப் பார்ப்போம். அவர்கள் கூரையைப் பிரித்து அவரைப் படுக்கையோடு இறக்கினார்கள். ஆளைத் தனியாகவும் படுக்கையைத் தனியாகவும் அனுப்பவில்லை. இன்றைய விமானமோ முதலில் செய்வதே இந்தப் பிரிவினைதான். இருக்கைக்குப் பதிலாகச் சக்கர நாற்காலியையே பொருத்தக்கூடிய மாதிரி ஒன்று 2023இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கூரையைப் பிரிக்க மனமிருந்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

சட்டமும் இந்தப் பிரிவினைக்கே துணை நிற்கிறது. இந்தியாவும் ஏற்றுக்கொண்ட 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை, பன்னாட்டுப் பயணத்தில் சக்கர நாற்காலியைப் பயணச் சுமை என்றே கருதுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் அதற்கான இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கும் குறைவு. துணிமணி அடங்கிய பெட்டிக்கும் ஒருவருடைய கால்களுக்கும் ஒரே விலை! நல்ல நிலையில் ஒப்படைத்த நாற்காலி சேதமாகித் திரும்பினால் பொறுப்பு நிறுவனத்தினுடையதே என்று அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் விதி செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2025இல் அரசே அதன் அமலாக்கத்தை ஒத்திவைத்தது.

நம் நாட்டின் நிலையையும் மறப்பதற்கில்லை. மூளை முடக்குவாதமுள்ள ஜீஜா கோஷ் 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில், விமானத்தில் அமர்ந்த பிறகு வற்புறுத்தி இறக்கிவிடப்பட்டார். 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

லூர்து நகருக்கும் புனித நாட்டுக்கும் திருப்பயணக் குழுக்கள் புறப்படும் பங்குகளில், சக்கர நாற்காலியில் உள்ளவரிடம் "உங்களுக்குச் சிரமம்" என்று சொல்வது கேட்கப்படுகிறது. அன்பினால் சொல்வதுதான், ஆயினும் அவருக்கு அது மூடிய கதவே. நோயாளர்களுக்கென்றே புகழ்பெற்ற லூர்துக்கு அவர்களை விட்டுவிட்டா நாம் போவது?

குழுவை அழைத்துச் செல்வோர் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பே நாற்காலியின் நீளம், அகலம், உயரம், எடை, மின்கலத்தின் வகை ஆகியவற்றை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். ஒப்படைக்கும்போது நான்கு புறமும் படம் எடுத்துக்கொள்ளட்டும். உச்சவரம்புக்கு மேல் மதிப்புள்ளது என்றால், ஒப்படைக்கும் நேரத்திலேயே அதன் மதிப்பைத் தனியாக அறிவிக்க அதே உடன்படிக்கை இடம் தருகிறது. அதற்குக் கட்டணம் கேட்கப்படலாம். இறங்கும்போது நாற்காலியை விமான வாசலிலேயே தரும்படி கேட்க வேண்டும். உடைந்திருந்தால், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுத்து நகல் பெறுவது நல்லது. அதற்குரிய கடைசிக் கெடு ஏழு நாள்கள்.