ஆச்சியின் ஆடுகள்

தாராவியில் எங்கள் சந்தில் ஆச்சி ஒருவர் மூன்று ஆடுகள் வளர்த்து வந்தார். சென்ற மழைக்காலத்தில் ஒன்றுக்கு மூக்கில் சளி, வாயில் புண், பிறகு கழிச்சல். ஐந்தாம் நாள் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. “ஊராயிருந்தா கோனாரு பார்த்ததுமே சொல்லியிருப்பாரு. இங்க யாரு இருக்கா, தம்பி?” என்றார்.

பரேலில் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 1886இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. குறை அவற்றின்மீது அன்று. ஆனால் நோயுற்ற ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் ஏறுவது எப்படி? மாதுங்கா விடுதியில் இருப்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆச்சிக்கோ அது பேத்தியின் பள்ளிச் செலவு.

அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம் என்று பின்னர் ஒரு மருத்துவர் சொன்னார். அதற்கு ஒரே தடுப்பூசி மூன்றாண்டு காக்குமாம்! மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், இடையில்தான் ஆள் இல்லை. அந்த ஆள் அந்தத் தெருவிலிருந்தே வரவேண்டும் என்பது என் கட்சி.

வீண் ஆசை அன்று இது. மாட்டு வெக்கை நோய் நம் நாட்டில் கடைசியாகத் தலைகாட்டியது 1995இல், வட ஆற்காட்டில். ஆப்பிரிக்காவில் அதை விரட்டியது எப்படி? எத்தியோப்பியாவின் அஃபார் பாலையில் அரசு வண்டி செல்லாது, குளிர்ப்பெட்டியும் கிடையாது. வெப்பத்திலும் பல நாள் கெடாத தடுப்பு மருந்து வந்ததும், 1990களில் மேய்ப்பர்களுக்கே பயிற்சி தந்து ஊசியைக் கையில் கொடுத்தார்கள். எந்த மந்தை எந்த நீர்நிலைக்கு என்று வரும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்தது இது ஒன்றுதான்.

“அரைகுறைப் பயிற்சி ஆபத்து” என்பர் மருத்துவ நண்பர்கள். உண்மைதான், கண்டபடி ஊசி குத்தினால் மருந்தே பலிக்காமல் போகும். 1984ஆம் ஆண்டுச் சட்டமும் சிகிச்சையைப் பதிவுபெற்ற மருத்துவர்க்கே உரியதாக்குகிறது. சிகிச்சையை நான் கேட்கவில்லை. குடற்புழு மருந்து கொடுப்பது, தடுப்பூசி நாளில் ஆடுகளைத் திரட்டுவது, நோய் கண்ட அன்றே மருத்துவருக்குச் சொல்வது, இவ்வளவே. ஜார்க்கண்டில் ‘பசு சகி’ எனப்படும் கிராமப் பெண்கள் இத்தகைய பணியைச் செய்து வருகிறார்கள்.

கூலி மட்டும் கட்டாயம் வேண்டும். இலவசத் தொண்டென்று தொடங்கினால் ஆறு மாதத்தில் படுத்துவிடும். நம் மன்றத்தின் இரவுப் பள்ளிக்கு நேர்ந்ததை மறந்துவிட்டோமா? ஆட்டுக்குப் பத்து ரூபாய் தருவீர்களா என்று ஆச்சியிடம் கேட்டேன். “செத்த ஆட்டுக்கு எவ்வளவு தந்தேன், தெரியுமாலே?” என்றார்.

அவர் இப்போது புதிதாக ஒரு குட்டி வாங்கியிருக்கிறார். பரேல் கல்லூரியில் படிக்கும் தமிழ் நண்பர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்தால் என்னிடம் அழைத்து வாருங்கள். சந்துக்கு வழி நான் காட்டுகிறேன்.