பெட்டியில் எழுதிய வாற்றும் காதில் விழும் சொல்லும்

கணினிக்கு ஒலிபெருக்கி வாங்கச் செல்பவருக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது ஓர் எண்ணைத்தான். அட்டைப்பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் "2000 வாற்" என்றோ "3000 வாற்" என்றோ அச்சிடப்பட்டிருக்கும். அதன் அருகே, மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவில், பீ.எம்.பீ.ஓ. என்ற நான்கு எழுத்துக்கள் இருக்கும். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் அந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த எண் ஒரு பொய். பொய் என்பது கடுமையான சொல்லாகத் தோன்றுமானால், எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத எண் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு விளங்கவில்லை.

இதைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியோடு வரும் மின் அடப்டரைக் கையில் எடுத்து, அதன் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 12 வோல்ற், 1 அம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 12 வாற். அடப்டர் கொடுப்பதே 12 வாற் என்றால் ஒலிபெருக்கி 2000 வாற்றை எங்கிருந்து கொண்டுவரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கணினியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் பெறும் சிறிய ஒலிபெருக்கிகளுக்கும் இதே கணக்குத்தான். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை தரக்கூடியது 5 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது இரண்டரை வாற். தயாரிப்பாளர் ஒருவர் நேர்மையானவரா என்பதை அறிய, அவர் ஆர்.எம்.எஸ். என்ற அளவில் வாற்றைக் குறிப்பிடுகிறாரா என்று பாருங்கள். ஒலிபெருக்கி தொடர்ந்து தாங்கக்கூடிய வலுவை ஓரளவு உண்மையாகச் சொல்வது அந்த அளவு மட்டுமே.

வாற்று எண்ணிக்கையே பெரிய விடயமல்ல என்பது அடுத்த செய்தி. பத்து வாற்றை இருபது வாற் ஆக்கினால் ஒலி இரட்டிப்பாகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் கூடுவது மூன்று டெசிபல் மட்டுமே; கவனித்துக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். மேசையில் இரண்டு மூன்று அடி தொலைவில் அமர்ந்து கேட்பவருக்கு ஓரிரு வாற்றே தாராளம். கலியாண வீட்டுக்கு வாங்குகிறீர்களா, எழுதும் மேசைக்கு வாங்குகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? என்னுடைய பதில், தொழில் சார்ந்த பதில். நான் இந்தத் துறைக்கு வந்த காலத்தில் பேட்டிகளை நாடாவில் பதிவு செய்து, அதை முன்னும் பின்னும் ஓட்டி எழுத்தில் இறக்குவோம். இன்று கைத்தொலைபேசியில் பதிவு செய்து கணினியில் ஓட்டுகிறார்கள். கருவி மாறியது, ஆபத்து மாறவில்லை. மேடையில் நல்ல தமிழ் பேசும் ஒருவர், "அதிகாரி ஆவணங்களை அளித்தார்" என்கிறார். எழுதுபவரின் காதில் அது "அழித்தார்" என்று விழுந்தால், ஆவணங்களைக் கொடுத்த மனிதர் மறுநாள் பத்திரிகையில் ஆவணங்களை நாசமாக்கிய குற்றவாளியாகி நிற்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்துவிடுகின்றன என்பது உண்மையே. அதனால்தான், பிரித்து உச்சரிக்கும் ஒருவரின் பேச்சைக் கேட்கும்போது அந்தப் பிரிவு காதுக்கு வந்து சேர வேண்டும் என்கிறேன்.

ல, ள, ழ, ந, ண என்று நாக்கின் நுனி எங்கே தொடுகிறது, எவ்வளவு மடிகிறது என்பதை வைத்துப் பொருளை மாற்றும் மொழி நம்முடையது. அந்த வேறுபாட்டின் அடையாளம் ஒலியின் அடிப்பகுதியில் இல்லை. பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான நடுப்பகுதியில் இருக்கிறது. மனிதக் காது 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பழைய தொலைபேசி இணைப்போ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான துண்டை மட்டுமே கடத்தியது. ஆனாலும் அதில் ஒருவரின் குரலை அடையாளம் கண்டோம், பேசியதைப் புரிந்துகொண்டோம். ஒரு ஒலிபெருக்கி இந்த நடுப்பகுதியை ஒழுங்காகத் தருமானால் பாதிக்கு மேல் அது தேறிவிட்டது.

இலங்கை வானொலியை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் 1925 இல் தொடங்கிய ஒலிபரப்பு 1949 இல் றேடியோ சிலோன் ஆகி, 1967 இல் கூட்டுத்தாபனமாகியது. அதன் தமிழ் அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைப் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் மெச்சினார்கள். அதை எதில் கேட்டார்கள்? தேநீர்க்கடை மூலையில், ஒரே ஒரு கூம்போடு இருந்த மரப்பெட்டி வானொலியில்; மத்திய அலையிலும் சிற்றலையிலும், ஐயாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவுமே வந்து சேராத ஒலிபரப்பில். "பேஸ்" இல்லை, நீல விளக்கு இல்லை. ழகரம் ழகரமாகவே கேட்டது. பெட்டி செய்தவர்கள் பேச்சுக்கென்று செய்தார்கள்.

இன்று மலிவு விலையில் விற்கும் "இரண்டு சிறியது, ஒன்று பெரியது" என்ற மூன்று பெட்டித் தொகுதிகள் இதற்கு நேர் எதிரானவை. மேசைக்குக் கீழே வைக்கும் பெரிய பெட்டி கும் கும் என்று அதிரும். மேசையில் வைக்கும் இரண்டு குட்டிப் பெட்டிகளும் கீச்சிடும். இடையில் இருக்கவேண்டிய மனிதக் குரல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொலைந்துபோகும். அடி ஒலி மிகும்போது அது தனக்கு மேலே உள்ள நுண்ணிய ஒலிகளை மூடிவிடும் என்பது காதின் இயல்பு. நல்ல மூன்று பெட்டித் தொகுதிகள் உலகில் இல்லையென்று சொல்லமாட்டேன். அவை மலிவான விலையில் கிடைப்பதில்லை. ஒரே பணத்தை மூன்று பெட்டிகளுக்குப் பங்கிடுவதைவிட இரண்டு பெட்டிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் பங்கும் கூடும் என்பது வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் எவருக்கும் விளங்கும்.

ஆகவே எனது பரிந்துரை எளிமையானது. சாதாரண இரண்டு பெட்டிகள். கை மிகவும் சுருங்கியவர்களுக்கு, சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் 2017 இல் அறிமுகப்படுத்திய பெபிள் என்ற உருண்டை வடிவ இணை பொருத்தமானது. ஒரு காலத்தில் சவுண்ட் பிளாஸ்ரர் அட்டையைத் தந்து, ஊமையாக இருந்த கணினிகளைப் பேசவைத்த நிறுவனம் அது. பெபிளில் தனி அடப்டர் கிடையாது, யூ.எஸ்.பி. துளையே மின்சாரம் தரும். கூம்பு இரண்டு அங்குலம் அளவுதான். ஆனால் அதை 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஒலி உங்கள் நெஞ்சில் மோதாமல் காதை நோக்கி வரும். இந்த ஒரு சாய்வுக்காகவே அதைச் செய்தவரைப் பாராட்டலாம். மிருதங்கத்தின் தொப்பியை அதில் எதிர்பார்க்காதீர்கள். பேச்சுக்கு அது போதும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்கக்கூடியவர்கள் சீனாவின் எடிபையர் நிறுவனத்தின் ஆர் 1280 ரி என்ற மாதிரியையோ அதன் உறவு மாதிரிகளையோ பார்க்கலாம். நான்கு அங்குலக் கூம்பு ஒன்று, மேல் ஒலிக்கென 13 மில்லிமீற்றர் பட்டுக் குமிழ் ஒன்று, மரத்தூள் பலகைப் பெட்டி, இரண்டும் சேர்ந்து 42 வாற் ஆர்.எம்.எஸ். அமெரிக்காவில் நூறு டொலரை அண்டிய விலைக்கு விற்கப்பட்டு வந்த பொருள். நம் நாட்டில் 2022 நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு சரிந்தபின் இதுவும் பலருக்கு எட்டாக் கனியாகிவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் ஆண்டுக்கொரு தகரப் பெட்டியை வாங்கி வீசுவதைவிட, காத்திருந்து இப்படி ஒன்றை வாங்குவது சிக்கனம் என்பதே என் கருத்து.

கடையில் சோதிக்கும்போது, கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அவர் தன் பெட்டிக்கு ஏற்ற பாட்டைத்தான் வைத்திருப்பார். உங்கள் தொலைபேசியில் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொண்டுசெல்லுங்கள். ஒன்று, நீங்கள் நன்கு அறிந்த ஒருவரின் பேச்சு. உங்கள் தாயாரின் குரலாக இருந்தால் மிக நல்லது. குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால் அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள். மற்றது தவில். 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் வாசிப்பு ஒன்று கிடைத்தால் வேறு சோதனையே தேவையில்லை. ஒரு பக்கம் தடித்த கழியால் அடிக்கும் தாழ்ந்த ஒலி. மறுபக்கம் விரற்கூடுகள் தெறிக்கும் கூரிய ஒலி. மட்டமான ஒலிபெருக்கியில் வேகமான இடங்கள் எல்லாம் தகரக் கூரையில் விழும் மழைபோல ஒன்றாகிவிடும். நல்லதில் ஒவ்வொரு விரலும் தனியாக வந்து விழும்.

புளூடூத் பற்றி ஒரு சொல். வயர் இல்லாத வசதியை நான் குறை சொல்லவில்லை. பாட்டுக் கேட்க அது நன்று. ஆனால் சாதாரண புளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு செக்கனோ இரண்டோ தாமதித்து வரும். பதிவை நிறுத்தி, பின்தள்ளி, மீண்டும் ஓட்டி எழுதுபவருக்கு இந்தத் தாமதம் சொல்லின் தலையையோ வாலையோ தின்றுவிடும். அந்த வேலைக்கு வயரே உத்தமம்.

வாங்கிய பொருளைச் சரியாக வைப்பது வாங்குவதைவிட முக்கியமானது. அதற்குச் செலவும் இல்லை. இரண்டு பெட்டிகளையும் கணினித் திரைக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்களை என்ன சொல்வது! இரண்டு பெட்டிகளும் உங்கள் தலையும் சம முக்கோணத்தின் மூன்று மூலைகளாக இருக்கட்டும். அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துக் காது மட்டத்துக்கு உயர்த்துங்கள். படிக்காமல் கிடக்கும் ஆண்டறிக்கைகளுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை. பெட்டியின் பின்புறத்தில் துளை இருந்தால் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து வையுங்கள்; சுவரோடு ஒட்டினால் அடி ஒலி வீங்கும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருப்பீர்கள். ஊரில் இருக்கும் முதியவர்களுடன் நீங்கள் பேசும்போது அந்தப் பக்கத்தில் என்ன கேட்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வயது ஏறும்போது காது முதலில் இழப்பது மேல் ஒலிகளை. சத்தத்தைக் கூட்டினால் "சத்தம் கேட்குது, என்ன சொல்லுறாய் எண்டு விளங்கேல்லை" என்பார்கள். அவர்களின் அந்த வாக்கியம் மிகச் சரியான மருத்துவ விளக்கம். உள்ளங்கை அளவு தொலைபேசியை மேசையிலுள்ள இரண்டு நல்ல பெட்டிகளோடு இணைத்துவிட்டால், அதே முதியவர் திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்பது குறைவதை நான் கண்டிருக்கிறேன். ஊருக்குப் போகும்போது சொக்கலேற் பெட்டிகளுக்கு நடுவே இப்படி ஓர் இணையையும் எடுத்துச் செல்லலாம்.

2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் ஏடுகளையும் நூல்களையும் மட்டுமன்றி வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. ஊர்க் கிணற்றடிக் கதை, கோயில் வழக்கு, இடம்பெயர்ந்த நாட்களின் நினைவு என்று முதியவர்கள் சொல்லிவைத்தவற்றைப் பிற்காலத்தில் எவராவது எழுத்தில் இறக்கத்தான் போகிறார்கள். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அப்போது தவறாக விழுந்தால் திருத்துவதற்குச் சொன்னவர் இருக்கமாட்டார். அந்த வேலையில் அமரும் இளைஞருக்கு நல்ல ஒலிபெருக்கி வாங்கிக் கொடுப்பதை ஆடம்பரச் செலவாகக் கருதும் நிர்வாகிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய ஒலிபெருக்கி வாங்க நினைப்பவர்களுக்கு: முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். அது பஞ்சு போன்ற நுரைப்பொருளாக இருந்தால், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்து உதிரும். இறப்பர் விளிம்பு நெடுங்காலம் நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பின் ஓயாத ஒரு "ம்ம்" ஒலி கேட்டால் பெட்டியைப் பழுதென்று தீர்ப்பளித்துவிடாதீர்கள். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் குற்றம் மின் இணைப்பில்தான். இரண்டையும் ஒரே செருகுப் பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.