வண்டிப்பாதைக்கு வந்த மவுசு

பொழுது விடியுமுன் பால் கேனை சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, கொட்டாயிலிருந்து பால் சொசைட்டிக்கு வண்டிப்பாதை வழியே மிதிப்பது தருமபுரி மாவட்ட விவசாயிக்குப் புதிதல்ல. மாட்டுக்குப் புல்லுக்கட்டும், மோட்டாருக்கு உதிரிப் பாகமும், பள்ளிக்குப் பிள்ளையும் அதே சைக்கிளில், அதே பாதையில்தான் போய் வந்தன. மண்ணிலும் கப்பியிலும் மிதிக்கும் இந்தச் சவாரிக்குத்தான் இப்போது மேல்நாட்டில் ‘கிராவல் பைக்கிங்’ என்று பெயர். தார் ரோட்டை விட்டு விலகி, காட்டோரமும் ஆற்றோரமும் வயல் நடுவேயும் போகும் பாதைகளைத் தேடி நகரத்தார் செலவு செய்து வருகிறார்கள்.

இதற்கென்றே செய்யப்படும் சைக்கிளின் கைப்பிடி ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் வளைந்திருக்கும். மேடு ஏறுவதற்கு வசதியாகப் பல்சக்கரங்கள் பல உண்டு. விலை பல சமயம் லட்சத்தைத் தாண்டும். ஆனால் டயரின் அகலமோ பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர்தான். பால்காரரின் 28 அங்குல சைக்கிளில் இருக்கும் ஒன்றரை அங்குல டயரும் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். மண் பாதைக்கு எந்த டயர் பொருந்தும் என்பது நம் ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது என்றே கொள்ளலாம்.

பெங்களூரு தருமபுரியிலிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஓசூரும் சேலமும் அதைவிடக் கிட்டம். விடுமுறை நாளில் சைக்கிளில் கிளம்புகிற இளைஞர்களுக்கு ஒகேனக்கல் மட்டுமல்ல, நாகாவதி, வாணியாறு அணைப் பக்கங்களும், தீர்த்தமலையை ஒட்டிய தென்பெண்ணைக் கரையும் நல்ல இடங்களே. அவர்கள் வந்தால் வரட்டும். அதனால் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு என்ன லாபம் என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி.

இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்து வந்தன. அவற்றைக் காக்க வேண்டும் என்று 1997-ல் கயோலே என்ற சிற்றூரில் 92 பேர் பழைய சைக்கிள்களில் ஒரு சவாரி போனார்கள். ‘லெரோய்கா’ என்ற அந்தச் சவாரிக்குப் பின்னாளில் ஆயிரக்கணக்கானவர் வரத் தொடங்கினர். வழியில் அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஊர் ரொட்டியும், அந்த ஊர் சூப்பும், அந்த ஊர் திராட்சை மதுவும்தான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற மேய்ச்சல் பகுதி ஊரில் 2006-ல் 34 பேருடன் தொடங்கிய சரளைப் பாதைப் பந்தயமும் இன்று ஆயிரக்கணக்கானவரை அழைத்து வருகிறது. இரண்டு ஊரிலும் புதிதாக எதையும் கட்டவில்லை. இருந்த பாதையைக் காத்தார்கள், அவ்வளவே.

நம் பக்கத்து நிலைமை என்ன? வண்டிமாடு குறையக் குறைய வண்டிப்பாதையும் குறைந்தது. வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டவர் ஒருவர், முள்வேலி போட்டு மறித்தவர் ஒருவர், கிணற்று மண்ணைக் கொட்டியவர் ஒருவர். கடைசியில் இரண்டு வண்டி விலகிச் சென்ற பாதை, ஆள் நடக்கும் தடமாகி விட்டது. இதனால் அடி வாங்குபவர் பாதையின் கடைக்கோடியில் இருக்கும் சிறு விவசாயியே. அவருடைய தக்காளிக் கூடையும் புளி மூட்டையும் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். டிராக்டர் போகாத நிலத்துக்கு உழவுக்கூலி அதிகம். வழியில்லாத நிலம் என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களும் உண்டு.

ஆகவே, சைக்கிள்காரர் வருவதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, முதலில் பாதையை மீட்பதே விவேகம். கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் வண்டிப்பாதை காட்டப்பட்டிருக்கும். புறம்போக்குப் பாதையானால் ‘அ’ பதிவேட்டிலும் பதிந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து கல் நட தாசில்தாருக்கு மனுக் கொடுக்கலாம். பட்டா நிலத்தின் ஊடே போகும் பாதையானாலும், 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்து வந்திருந்தால் வழிநடைப் பாத்தியம் கோர 1882-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஒருவர் தனியாகக் கேட்டால் பகை வரும். பாதையில் நிலம் உள்ள அனைவரும் சேர்ந்து கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் வேலை நடக்கும்.

மீட்ட பாதையைக் காப்பது அதிகச் செலவுள்ள காரியமல்ல. கிராவல் பாதையைக் கெடுப்பது சக்கரமல்ல, தேங்கும் நீரே. 3 மீட்டர் அகலமுள்ள பாதையின் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 செ.மீ. அளவு உயர்ந்திருந்தால் மழைநீர் இருபுறமும் வழிந்துவிடும். ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, சரிவான இடங்களில் குறுக்கே மண்மேடு போட்டு, அந்த நீரைப் பண்ணைக் குட்டைக்கோ மாந்தோப்புக்கோ திருப்பிவிட வேண்டும். பாதையும் நிற்கும், மானாவாரிக்கு நீரும் சேரும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தார் ரோடு கேட்டு அலைகிறவர்களிடம் மண் பாதையின் பெருமையைப் பேசலாமா என்பார்கள். பேசக்கூடாதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. அப்படிப்பட்ட ஊருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ் போகும் ரோடு. நகரத்தார் ரசிப்பதற்காக எந்த ஊரும் ரோடில்லாமல் கிடக்க வேண்டியதில்லை. குடியிருப்புக்குத் தார் ரோடு, வயலுக்கும் தோப்புக்கும் கப்பிப் பாதை என்று பிரித்துக் கொள்வதே சரி.

காட்டைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் பெரும் பரப்பு 2022-ல் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. ராகி முற்றும் காலத்தில் யானை காட்டை விட்டு இறங்கும் என்பது நகரத்துச் சைக்கிள்காரருக்குத் தெரியாது, ஊராருக்குத் தெரியும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன. அப்படிப்பட்ட வேலி இருட்டில் வரும் மனிதனையும் விடாது. ஆகவே பாதை காட்டின் வெளியோரத்தோடு நிற்க வேண்டும். சவாரி வெயில் ஏறிய பின் தொடங்கி, பொழுது சாயுமுன் முடிய வேண்டும். திருட்டு மின்வேலி எங்கும் இருக்கக் கூடாது.

மலையேற்றத்தில் இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 மலைப் பாதைகளைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. நடப்பவருக்குச் செய்த ஏற்பாட்டைச் சைக்கிளுக்கும் செய்தால், மாவட்டத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் கூலி கிடைக்கும்.

வருகிறவர்களிடம் பெரும் பணம் கொட்டும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ராகிக் களியும் கீரைக் கடைசலும், கொள்ளு ரசமும், பருவத்தில் மாம்பழமும், நிழலில் ஒரு கயிற்றுக் கட்டிலும், பஞ்சர் ஒட்ட ஓர் ஆளும் இருந்தால் ஒரு குடும்பத்தின் கைச்செலவுக்கு ஆகும். மகளிர் குழுவே இதை நடத்தலாம். ஆனால் பாதை பிரபலமானதும் நிலம் கேட்டு வருகிறவர்களிடம் ஜாக்கிரதை தேவை. சாப்பாடு விற்கலாம், விளைச்சல் விற்கலாம். பாதையோர நிலத்தை விற்றுவிட்டால், அடுத்த ஆண்டு அதே பாதையில் காவல்காரனாகத்தான் நிற்க வேண்டி வரும்.

சைக்கிள்காரர்கள் இன்று வருவார்கள், நாளை வேறு ஊர் தேடிப் போவார்கள். அவர்கள் வராவிட்டாலும் பாதை வேண்டும். பால் கேனும் தக்காளிக் கூடையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் தினமும் போகும் பாதை அது. வருகிற கிராம சபையிலேயே அதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது நல்லது.