தானாக வராது

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் நம் ஊரில் தவறாமல் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: “ஓட்ட ஓட்டத் தானா வந்துடும்.” பயிற்சிப்பள்ளி ஆசிரியர் சொல்கிறார். உரிமம் வாங்கி இருபது வருடமான மைத்துனர் சொல்கிறார். பக்கத்துத் தெரு டாக்ஸி ஓட்டுநர் சொல்கிறார். எல்லாரும் அன்பாகவே சொல்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்பித்தல் என்ற பொறுப்பைக் கைகழுவுவதற்கு இதைவிட வசதியான வாக்கியம் வேறில்லை. மிருதங்கம் கற்க வரும் சிறுவனிடம் எந்த ஆசிரியரும் இப்படிச் சொல்வதில்லை. தச்சுப்பட்டறையில் உளி பிடிக்க வருபவனிடமும் சொல்வதில்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இரும்பைப் பள்ளிக்கூடம் விடும் நேரத்துச் சாலையில் நகர்த்தப்போகிறவரிடம் மட்டும் சொல்கிறோம்.

நான் பேச விரும்புவது நெரிசலில் கிளட்ச் வண்டியை மெதுவாக, உதறல் இல்லாமல் நகர்த்தும் திறனைப் பற்றி மட்டுமே. இலக்கிய நண்பர்கள் கூடும் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். காலாலும் கையாலும் அறியப்படுவது அறிவே அல்ல என்ற எண்ணம் நம் படிப்பாளிகளிடம் ஆழ ஊறியிருக்கிறது. ‘தானாக வரும்’ என்பது அந்த எண்ணம் பெற்ற பிள்ளை. ஆகவே இந்தப் பக்கத்துக்கு இதில் கொஞ்சம் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

வேகமாக ஓட்டுவதே கடினம், மெதுவாக ஓட்டுவது எளிது என்று ஓட்டாதவர்கள் நம்புகிறார்கள். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியர் விழுந்தபின் இடது காலுக்கு வேலையே இல்லை. மாலை ஆறரை மணிக்கு வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போகும்போதுதான் அந்தக் காலுக்கு நூறு முறை வேலை வருகிறது. விளம்ப காலத்தில் தாளம் நழுவாமல் பாடுவது எவ்வளவு சிரமம் என்பது சங்கீதம் அறிந்தவர்களுக்குத் தெரியும். அது வேண்டாமென்றால் கிராமத்துப் பொங்கல் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் காலை ஊன்றாமல் கடைசியாக வருபவனுக்கே பரிசு. மெதுவாகப் போவது ஒரு தனி வித்தை என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஓட்டுநர் பயிற்சிப்பள்ளிகளுக்குத் தெரியவில்லை.

அங்கே நடப்பது என்ன? காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, வகுப்பு. பின்னிருக்கையில் இரண்டு பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். முன்னால் இருப்பவருக்கு அரைமணி நேரம். இருக்கையை அவர் உயரத்துக்கு நகர்த்திவைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் கிடையாது. குள்ளமானவர் நுனிக்காலால் கிளட்சைத் தேடுவார். ஆசிரியரின் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் பொருத்தப்பட்டிருக்கும். ஆபத்து வந்தால் வண்டியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. நடைமுறையில் வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்றுவதற்குப் பயன்படுகிறது. முச்சந்தியில் நிற்கும்போதும் கிளம்பும்போதும் உண்மையில் கிளட்சை இயக்குவது ஆசிரியரின் கால். கற்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தான் ஓட்டுவதாக நம்பிக்கொண்டிருக்கிறார். உரிமம் வந்து, சொந்த வண்டியில் முதன்முறையாகத் தனியாக நெரிசலில் சிக்கும் நாளில் அந்தக் கால் அருகில் இருக்காது. மூன்று முறை ஆஃப் ஆகும். பின்னாலிருந்து ஹார்ன் அடிப்பார்கள். நாலாம் முறை பயத்தில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பார். இதைத்தான் ‘தானாக வருதல்’ என்கிறோம். தானாக வருவது பயம். பயத்தை மறைக்கும் கெட்ட பழக்கங்கள் அதன் பின்னாலேயே வரும்.

அப்பழக்கங்களில் முதன்மையானது, எப்போதும் பாதிக் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுவது. ‘ஆஃப் கிளட்ச்ல வெச்சுக்கோங்க, வண்டி நிக்காது’ என்று ஆசிரியரே கற்றுக்கொடுத்திருப்பார். கிளட்ச் என்ன செய்கிறது என்று ஒரு முறை சொல்லியிருந்தால் இது நேராது. எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் ஒன்று. அதன்மேல் வில்லின் அழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் உராய்வுத் தட்டு ஒன்று. மிதித்தால் தட்டு விலகும். விடும்போது முதலில் உரசும், பிறகு பிடிக்கும். உரசத் தொடங்கும் அந்தப் புள்ளியில் வண்டியின் மூக்கு லேசாக அசைவதும் எஞ்சினின் ஓசை அரைச் சுருதி இறங்குவதும் தெரியும். அங்கே ஒரு கணம், அல்லது இரண்டு கணம், காலை அசையாமல் நிறுத்தினால் வண்டி தானே நகரத் தொடங்கும். நகர்ந்தபின் முழுவதும் விட்டுவிடலாம். உதறலின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்: அந்தப் புள்ளியைத் தாண்டிக் காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம். அங்கேயே நெடுநேரம் வைத்திருந்தாலோ உராய்வு வெப்பமாகி, தட்டு தீய்ந்த வாடை அடிக்கும். ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளில் ஒன்றின் கிளட்ச் தட்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைப்பதும், இன்னொன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் தேய்ந்து தீர்வதும் மெக்கானிக்குகள் அன்றாடம் காண்பதுதான்.

இன்னொன்றும் பள்ளியில் சொல்லப்படுவதில்லை. சமதரையில், இன்றைய பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலானவற்றை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கிளப்ப முடியும். எஞ்சின் வேகம் குறைவதை உணர்ந்து கணினியே எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும். டீசல் எஞ்சினுக்கு இயல்பிலேயே அந்த இழுவை உண்டு. வெறுமனே ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் அளவில் சுழல்கிறது. முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் சுமார் 15 முறை சுற்ற வேண்டும். கணக்குப் போட்டால் கிளட்சை முழுதாக விட்ட நிலையில், எந்த மிதியும் இல்லாமல், வண்டி மணிக்கு ஐந்து முதல் ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். வேகமாக நடக்கும் மனிதனின் வேகம். இரண்டாம் கியரில் பத்துக்குச் சற்று மேல். நம் நெரிசல் பெரும்பாலும் இந்த இரண்டு வேகங்களுக்குள்தான் நகர்கிறது. அதாவது, கால்களைச் சும்மா வைத்திருந்தாலே போய்விடக்கூடிய தூரத்தை மிதித்தும் விட்டும் மிதித்தும் கடந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டலை உண்டாக்குகிறோம். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சட்டென விட்டால் வண்டி முன்னே குனியும், குனியும் வண்டியோடு வலது கால் தன்னறியாமல் முன்னே போய் மறுபடி மிதிக்கும், வண்டி பாயும். குதிரை பொம்மை ஆடுவதுபோல இது தொடரும். கிளட்சைக் கொஞ்சம் அமுக்கினால் அக்கணமே நின்றுவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடம் யாருடைய பாடத்திட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

(செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டும் நம் ஓட்டுநர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. வழுக்கும் ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் எவ்வளவோ மேல். பெடலின் நடுக்கத்தை அது அறிகிறது.)

ஊர்ந்து போவதற்கு முன்னால் இடைவெளி வேண்டும். இங்கேதான் இரண்டாவது எதிர்ப்பு வரும்: “இடைவெளி விட்டால் யாராவது புகுந்துவிடுவார்கள்.” புகுவார்கள்தான். ஆட்டோ புகும், இருசக்கர வாகனங்கள் நான்கு புகும். அதனால் என்ன இழப்பு? ஒரு வண்டி நீளம். அதைத் தடுக்க முன்னால் இருப்பவரின் பம்பரை முத்தமிட்டுக்கொண்டு, இரண்டடி நகர்ந்து, நின்று, மறுபடி இரண்டடி நகர்கிறவர் என்ன சம்பாதிக்கிறார் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை. 2008-ல் ஜப்பானில் யூக்கி சுகியாமாவும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடு இல்லை. ஒரே சீராகச் சுற்றும்படி மட்டும் சொல்லப்பட்டது. சற்று நேரத்தில் ஒருவரின் சிறு தயக்கம் அடுத்தவரின் பிரேக்காகி, அதற்கடுத்தவரை முற்றிலும் நிறுத்தி, நெரிசல் ஒரு அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் அரிஸோனாவில் இதேபோன்ற வட்டத்தில் ஒரே ஒரு வண்டியின் வேகத்தை மட்டும் கணினி சீராக வைத்திருந்தபோது அந்த அலைகள் பெருமளவு அடங்கின. நம் சாலை வட்டப் பாதையல்ல. கோடுகளையும் யாரும் மதிப்பதில்லை. ஆயினும் நம் உதறல் நம்மோடு முடிவதில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு அதை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம் என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது எதிர்ப்பு நாகரிகமானது. “இந்தக் காலத்தில் எதற்கு இந்தப் பாடு? ஆட்டோமேட்டிக் வாங்குங்கள்.” ஆட்டோமேட்டிக் வண்டிமேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது வரம். ஆனால் இந்த அறிவுரை யாரிடம் அதிகம் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். பெண்களிடம். இரண்டு முறை வண்டி ஆஃப் ஆன ஆணிடம் ‘பழகிடும் சார்’ என்கிற அதே வாய், அதே இரண்டு முறைக்குப் பிறகு பெண்ணிடம் ‘உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் மேடம் சரி’ என்கிறது. கற்பிக்காதவனின் குறை கற்க வந்தவளின் இயல்பாக மாற்றப்படுகிறது. பிறகு அவள் வீட்டிலிருக்கும் கிளட்ச் வண்டியின் சாவியை வாழ்நாள் முழுவதும் தொடுவதில்லை. நள்ளிரவில் யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேர்ந்தாலும் கணவன் வரக் காத்திருக்கிறாள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டாக்குவது இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

தவிர, 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊர்ச் சிறுகார்களில் பரவலான ஏ.எம்.டி. வண்டிகளில் கிளட்ச் இல்லாமல் போய்விடவில்லை. அதே உராய்வுத் தட்டுதான். மிதிக்கும் வேலையை மட்டும் ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவர் அங்கேயும் தட்டைத் தீய்க்கத்தான் செய்வார். உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமல் இருப்பதற்கு எந்த வண்டியும் இன்னும் முழு அனுமதி தந்துவிடவில்லை.

ஏற்றம் என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, உரிமத் தேர்வில் எவற்றையெல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. வண்டியைப் பாதுகாப்பாகவும் சீராகவும் கிளப்புவது அதில் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்புவதும் உண்டு. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகள் இலகுரக வாகனப் பயிற்சிக்கு 29 மணி நேரம் வகுத்தன. அதில் 21 மணி நேரம் செய்முறை. ஏற்ற இறக்கத்தில் ஓட்டுவதும் அதில் சேர்த்தி. காகிதத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. மைதானத்தில் ஒரு சுற்று, சமதரையில் நூறடி, கையெழுத்து. அந்த உரிமத்தோடு ஒருவர் கத்திப்பாரா மேம்பாலத்தின் சரிவில் நெரிசலில் நிற்கிறார். பின்சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு ஸ்கூட்டர். முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. கைபிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கும் புள்ளிக்குக் காலைக் கொண்டுவந்து, வண்டி இழுப்பதை உணர்ந்தபின் கைபிரேக்கை விடலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகிற அந்த அரை நொடியில் வண்டி பின்னால் உருள்கிறது. ‘ஓட்ட ஓட்ட வரும்’ என்றவர்கள், அது வருவதற்கு முன்னால் அந்தச் சரிவில் யார் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

பணம் கட்டிச் சேருகிறவர்கள் இரண்டு வகுப்புகளைக் கேட்டு வாங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, ஏதாவதொரு காலி மைதானத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சாலும் பிரேக்காலும் மட்டுமே ஒரு மணி நேரம் ஊர்வது. ஆசிரியர் அந்த நேரம் முழுவதும் தன் கால்களை மடித்து உட்கார்ந்திருப்பது. மற்றது, மாலை நெரிசலில் ஒரு மேம்பால ஏற்றம். “அதெல்லாம் சிலபஸ்ல இல்ல சார்” என்பார்கள். இருக்கிறது. 15-ஆம் விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.