5 லட்சம் ரூபாய்ச் சந்தேகம்

எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் காடு கிடையாது. கரிசல் நிலமும், கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும்தான். அந்தக் கருவேலத்துக்குள் காட்டுப்பன்றி குட்டி போடுகிறது. ராத்திரியானால் மக்காச்சோளத்துக்குள் இறங்குகிறது. இதைச் சொன்னாலே நகரத்துத் தோழர்கள் சிலர், "அப்போ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். அது எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அடுத்த தெரு நிலக்காரரின் சோளத்துக்கு இரவுக் காவல் இருந்தார். வரப்போரம் சுருக்குக் கம்பி வைத்தார். பன்றி விழுந்தது, இவர் பிடிபட்டார். "முதலாளி வாங்கிக் குடுத்த கம்பிங்க" என்று அழுதார். முதலாளி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் தோடு அடகுக்குப் போனது, மேற்கொண்டு வட்டிக்கும் வாங்கினார்கள். எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மயில், உடும்பு போன்ற முதல் அட்டவணை உயிர்களை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. முயல், காட்டுப்பன்றி என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது 54ஆவது பிரிவு. ஒருவர் குற்றம் செய்திருப்பார் என்ற 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும், அதிகாரம் பெற்ற வனத்துறை அதிகாரி அவரிடம் இணக்கத் தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். நீதிபதி வேண்டாம், சாட்சி வேண்டாம். முதல் அட்டவணைக் குற்றங்களுக்கு இது கிடையாது. முன்பு இந்தத் தொகையின் உச்சவரம்பு 25,000 ரூபாய். திருத்தம் அதை 5 லட்சமாக்கிவிட்டது, அதாவது இருபது மடங்கு. காசுள்ளவருக்கு இது சலுகை. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு, ஜெயிலா கடனா என்கிற மிரட்டல்.

சந்தேகம் எங்கள் ஊரில் தெரு பார்த்துத்தான் வருகிறது. பிறப்பைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாக்கிய 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. அந்தப் பார்வை ஒழியவில்லை. வேட்டையை நம்பி வாழ்ந்த நரிக்குறவர்களின் தொழிலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது. வேட்டைக்கான தண்டத்தொகையை உயர்த்திய திருத்தமும் அதே டிசம்பரில்தான் சட்டமானது!

மறுபக்கம், நடிகர் சல்மான் கான். ஜோத்பூர் அருகே கலைமானைச் சுட்ட வழக்கு 1998இல் தொடங்கியது. 2018 ஏப்ரல் 5 அன்று 5 ஆண்டுச் சிறை விதித்தார்கள். இரண்டே நாளில் ஜாமீன். இருபது ஆண்டு வழக்காட அவரிடம் வக்கீல்கள் இருந்தார்கள்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அனுமதித்தது. நல்லது. ஆனால் பன்றி வருகிற நேரத்துக்கு அவர்களும் வரவேண்டுமே! அதுவரை நிலக்காரர் கம்பி வாங்குவார், காவல்காரர் கட்டுவார்.

இதே சட்டத்தில் 52ஆவது பிரிவும் இருக்கிறது. குற்றத்துக்குத் தூண்டியவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். கம்பி வாங்கித் தந்தவர்மீது அதைப் பாய்ச்சட்டும். இணக்கத் தொகைக்கு ஒப்புக்கொள்ளும் முன் சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில், தமிழில் தரட்டும். பக்கத்தில் ஒரு வக்கீல் இருக்கட்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். எங்கள் தெருவில் அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். இப்போது டீக்கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் 15100க்குப் போன் செய்யவும்.